கல்யாண வீட்டு வாசல் நாற்காலி

கூலாய், ஜோகூர்
ஞாயிறு காலை

என் செல்ல மகள் லோஷினிக்கு,

அம்மா யோகேஸ்வரி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்கிற மனுஷனா அவர்? நீ அந்தப் பெர்த் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ முகம் சுளிப்பது எனக்கு இங்கேயே தெரிகிறது. நான் என்ன செய்வது? போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்சாப்பில் பேசி அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் லிம் அங்கிளிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் மகள் அங்கே படிக்கிறாள் அல்லவா, அவளைப் பார்க்க வருகிறார். உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். மனுஷனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு ஒரு காப்பி கொடு. சீனி போடாதே.

கடைசியாக நீ எனக்கு அனுப்பிய செய்தியை நான் மறக்கவில்லை. யாரோ டிக்டாக்கில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "என் மணவறையக் கொண்டுபோய் பீர் கடையில வெச்சிட்டீங்களா? என் மானத்த இதுக்கு மேல எங்க கொண்டுபோய் விக்கப் போறீங்க?" என்று கேட்டாய். உன் கோபம் நியாயம். ஆனால் அந்த வீடியோ ஓடியது அரை நிமிஷம். நடந்த கதை அதைவிடப் பெரியது. உனக்குத் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பொறுமையாகப் படி.

கொரோனா ஊரடங்கு, அந்த எம்.சி.ஓ. நேரத்தில் ஊரில் ஒரு கல்யாணமும் இல்லை. நம் அலங்காரச் சாமான் எல்லாம் ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடந்தது. அப்பா சும்மா இருக்க முடியாமல் பலகை வாங்கி வந்து உனக்கென்று ஒரு மணவறை செய்ய ஆரம்பித்தார். கொடியும் கிளியும் அவரே செதுக்கினார், தங்க வர்ணமும் அவரே பூசினார். ஊருக்கெல்லாம் மணவறை வாடகைக்கு விட்டவன் மகள் வாடகை மணவறையில் உட்காரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே செய்தார். அதை மண்டபத்துக்கு ஏற்ற லாரி வந்து நின்ற காலையில்தான் பாசிர் கூடாங்கிலிருந்து அந்தப் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தனலெட்சுமி. உன் சிநேகிதி பிரேமலாவின் பிறந்தநாள் விருந்தில் நீ கையில் கண்ணாடிக் கிளாஸோடு நின்ற போட்டோ யார் மூலமாகவோ அவருக்குப் போயிருந்தது. "குடிக்கிற பொண்ணு எங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வராது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தக் கிளாஸில் இருந்தது பழரசமா வேறு ஏதாவதா என்று நான் உன்னிடம் அன்றும் கேட்கவில்லை, என்றைக்கும் கேட்க மாட்டேன். என்ன இருந்தால்தான் என்ன? நீ என் மகள்.

நீ பெர்த் வேலையை ஒத்துக்கொண்டு விமானம் ஏறினாய். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் மறைத்தோம், நீ அங்கே நிம்மதியாக இருக்கட்டுமே என்று. இப்போது சொல்கிறேன். நின்றுபோன கல்யாணத்தின் மணவறை நம் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குள் பேச்சு பரவியது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அந்த மணவறையை மட்டுமல்ல, நம் ஸ்டோரில் இருந்த ஒரு பூந்தொட்டியைக்கூட யாரும் வாடகைக்குக் கேட்கவில்லை. "சொந்த மக கல்யாணமே நின்னுபோச்சி, ராசி இல்லாத கை" என்று என் காதுபடவே பேசினார்கள். சீமந்தத்துக்குப் பேசியிருந்தவர்கள்கூட வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கட்டுப்பாடு எல்லாம் நீங்கி ஊர் முழுக்கக் கெட்டி மேளம் கேட்டது, நம் வீட்டு லாரி மட்டும் நகரவில்லை. அப்பா தினமும் அதைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் லிம் அங்கிள் வந்தார். நம் ஸ்டோர் அவர் கட்டடம்தானே. முன்பக்கத்தில் அவர் நடத்திய கரோக்கே கடையும் எம்.சி.ஓ.வில் படுத்துவிட்டது. ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தவர், தூண்களையும் தோரணங்களையும் ஜிகினா யானைகளையும் பார்த்துவிட்டு, "அலமாக்! அண்ணே, இவ்ளோ கல்யாண பாராங், சாமான்லாம் சும்மா தூங்குது. என் கடையும் லைசென்சோட சும்மா தூங்குது. ரெண்டையும் எழுப்பலாம்லா" என்றார். அப்பா சிரித்தார். நீ போன பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். அதனாலேயே நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். கல்யாணமும் நடக்கவில்லை, வீடும் கட்டவில்லை, 'கல்யாண வீடு' என்று ஒரு மதுக்கடையைத் திறந்தோம்.

நான் போட்ட நிபந்தனைகள் உண்டு. சாமி படம், குத்துவிளக்கு, ஓமகுண்டம் எதுவும் உள்ளே வரக் கூடாது. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் எடுக்கப் பார்ப்பவனின் சாவி என் இடுப்புக்குப் போய்விடும். இதுவரை ஒருத்தனும் என்னிடம் மல்லுக்கு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் சொல்லுக்கு இருக்கும் மரியாதை இந்தப் பயல்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வாசலில் நிஜ வாழைமரம், பெக்கோக் ஊரிலிருந்து வருகிறது. உள்ளே நுழைந்ததும் பிரேமலா பட்டுச்சேலையில் நின்று பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, ஒரு சில்வர் டம்ளரில் ரோஸ் பால் நீட்டுவாள். அதில் சரக்கு கிடையாது. வந்தவர்களை ஒரு போட்டோ எடுத்து அங்கேயே அச்சடித்துக் கையில் கொடுப்பாள், கடையின் இணையப் பக்கத்திலும் போடுவாள். ஆமாம், அதே பிரேமலாதான். தன் பிறந்தநாளால்தான் உனக்கு இப்படி ஆனது என்று இன்னும் அழுகிறாள். உள்ளே இடது பக்கம் மாப்பிள்ளை வீடு, வலது பக்கம் பெண் வீடு. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் வம்பிழுத்துக்கொண்டே இருப்பார்கள். பீருக்குப் பெயர் 'மச்சான்', எதற்கும் கூப்பிடாமலே வருவதால். கறுப்பு ஸ்டவுட் பீர் 'சித்தப்பா', கசக்கும் ஆனால் உடம்புக்கு நல்லது என்பார்கள். மிளகாய் போட்ட எலுமிச்சைச் சரக்குக்கு நான்தான் 'நாத்தனார்' என்று பெயர் வைத்தேன். உன் அத்தைகளிடம் சொல்லிவிடாதே. உன் கல்யாணத்துக்கு வாசிக்க இருந்த நாதஸ்வரக்காரர் சதாசிவம்தான் இங்கே ஆஸ்தான வித்வான். யாராவது நல்ல செய்தி சொன்னால் கெட்டி மேளம் கொட்டும். வேலை உயர்வு, புதுக் கார், ஒரு தடவை ஒரு பெண் தன் விவாகரத்து முடிந்ததுக்குக் கெட்டி மேளம் கேட்டாள். சதாசிவம் முழித்தார். நான் கொட்டச் சொன்னேன்.

இவ்வளவும் இருந்தும் திறந்த புதிதில் ஈ, காக்கைகூட வரவில்லை. லிம் அங்கிள் வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, உர்ரென்று உட்கார்ந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்துவிட்டு, "இதோ பாரு, பந்தியில முன்னாடி கூப்பிடலன்னு கோவிச்சுக்கிட்ட மாமா" என்றார். எந்தக் கல்யாணத்தில் அப்படி ஒரு மாமா இல்லை, சொல்! அப்பா இலையில் மட்டன் வறுவலும் வடையும் வைத்து எடுத்துப்போய், லிம் அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாமா கோவம். பந்தி ஆறுது. வாங்க" என்று கெஞ்சினார். லிம் அங்கிளும் சளைத்தவரா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் பேர ஏன் பத்திரிகையில போடல?" என்று நம் மாமாக்கள் மாதிரியே கேட்டார். அந்த வழியாகப் போன பாசிர் கூடாங் பாக்டரி ஷிப்ட் பையன்கள் வேனை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருவன் எடுத்த வீடியோதான் ஊரெல்லாம் போனது, நீ பார்த்தது வேறு.

மறுநாள் அந்த நாற்காலிக்கு வரிசை நின்றது, கேட்டாயா? தனியாக வருகிறவர்கள், வேலையில் திட்டு வாங்கியவர்கள், பொண்டாட்டியோடு சண்டை போட்டவர்கள், எல்லாரும் வந்து அதில் உட்கார்ந்து உர்ரென்று பார்ப்பார்கள். அப்பா வேலையைப் போட்டுவிட்டுப் போய், "போதும் மாமா கோவம். பந்தி ஆறுது. வாங்க" என்று அழைத்து வருவார். பெண்கள் உட்கார்ந்தால், "போதும்மா." அழைத்து வந்தவரை ஒரு கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்துவிடுவார். தனியாக வந்தவன் தனியாகப் போனதே இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் பாலம் தாண்டி வருகிற பிள்ளைகள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வருகிறார்கள். வார நாட்களில் தைரியமாக வா, சனிக்கிழமை என்றால் எனக்கே உட்கார இடம் கிடைப்பதில்லை.

இப்போது உன் மணவறைக்கு வருகிறேன். அது மேடையில் நடுவில் நிற்கிறது, உண்மைதான். நீ பார்த்த வீடியோவில் நாலு பேர் அதன் முன்னால் நின்று டம்ளரைத் தூக்குகிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் நன்றாகப் பார்த்தாயா? யாரும் அதில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். முதல் நாளே அப்பா அதில் உனக்காக வாங்கிய பட்டு விரிப்பை விரித்து, குறுக்கே பூச்சரம் கட்டிவிட்டார். தினமும் சரத்தை மாற்றுவதும் அவர்தான். பெரிய பெரிய ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள், போட்டோவுக்கு ஒரு நிமிஷம் உட்கார எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் என்றார்கள். அப்பா, "முதல்ல உட்கார வேண்டியவங்க இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யார் அந்த ஆள் என்று ஊரில் ஆளுக்கொரு கதை. பட்டம் வாங்கிய டத்தோ ஒருவர் என்கிறார்கள், மோகினி என்கிறார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயமே இனிமேல்தான் வருகிறது. போன மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம். நம் வரிசைக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன். நம் கடையைக் கல்யாண மண்டபம் என்று நினைத்து ஆள் நுழைவது புதிதில்லை. வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், பன்னீர், எவரும் ஏமாந்துதான் போவார்கள். அன்று ஒரு அம்மா காஞ்சிபுரம் பட்டு கட்டி, மொய்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தார். பிரேமலா குனிந்து பன்னீர் தெளித்து, டம்ளரைக் கையில் கொடுத்து, வழக்கம்போல் போட்டோ எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். தனலெட்சுமி.

அவர் எங்களைக் கவனிக்கவில்லை. பெண் வீட்டுப் பக்கம் போய் ஜம்மென்று உட்கார்ந்தார். பரிமாறுகிற பெண் போய், "மச்சான் வேணுமா, சித்தப்பா வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். "எங்க சித்தப்பா செத்து ரொம்ப நாளாச்சேம்மா" என்றாராம் இவர். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது என்றால் பார்த்துக்கொள்.

பிரேமலா போட்டோவை அச்சடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். அந்தப் படத்தைப் பார்த்தேன். தனலெட்சுமி கையில் டம்ளரோடு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். பின்னால் பீர் பாட்டில் வரிசை, பக்கத்தில் தள்ளாடுகிற இரண்டு பையன்கள். டம்ளரில் இருந்தது ரோஸ் பால்தான். ஆனால் படத்தில் ருசி தெரியுமா? "ஆன்ட்டி, ஒரு தட்டு தட்டினா போதும். ஜோகூர் முழுக்கப் போயிரும்" என்றாள் பிரேமலா. உன்னிடம் மறைப்பானேன், எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இவர் ஒரு படத்தை வைத்துத்தானே என் மகளை ஊரைவிட்டே அனுப்பினார்! பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, வாயிலும் விழட்டுமே என்று நினைத்தேன்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். முகம் சிவந்துபோய் மணவறைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், யாரோ அதைத் தூக்கிப்போக வந்த மாதிரி. உன்னைத் தாரை வார்க்க வேண்டிய கை, பூச்சரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வெறி அடங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு நாங்கள் கட்டியது ஒரு கல்யாண வீடு. வாசலில் வந்தவர்களை 'வாங்க' என்று சொல்லித்தான் அது நடக்கிறது. ஒருத்தியை நாறடிப்பதற்காக அந்த வாசலை மூட எனக்கு மனமில்லை.

நானே போனேன். "வாங்க" என்றேன். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார். நான் போட்டோவை அவர் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்காமல், "இதப் போட்டுருவீங்களா?" என்று கேட்டார். "கல்யாண வீட்டுக்கு வந்தவங்கள அவமானப்படுத்தி அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க" என்றேன். பிரேமலாவைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே போனிலிருந்தும் அழிக்கச் சொன்னேன். லோஷினி, நான் வாழ்க்கையில் என்னென்னவோ பேசியிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் இல்லை. பெருமையில் என் தலை கூரையில் இடித்தது.

அவருக்கு மண்டபத்துக்கு வழி தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சதாசிவத்தைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு நாதஸ்வரத்தை எடுத்தார். மேளத்தோடு பின்வரிசை மண்டபம்வரை கூட்டிப்போனோம். கடையில் இருந்த கூட்டம், மாப்பிள்ளை வீடு பெண் வீடு இரண்டும், என்ன ஏது என்று தெரியாமலே பின்னால் வந்தது. ரிசப்ஷன்காரர்கள் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று ஆலாத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. பந்தி முடிந்ததும் பாதிக் கல்யாணமே நம் கடைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து அந்த மண்டபத்தில் எந்த ரிசப்ஷன் நடந்தாலும் இளசுகள் இங்கே வந்துதான் முடிக்கிறார்கள். இன்னொன்று கேள். அந்தக் கல்யாணப் பெண்ணின் சித்தி மறுநாள் வந்து, தன் மகள் கல்யாணத்துக்கு அலங்காரம் நாம்தான் செய்ய வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். ராசி இல்லாத கை என்றார்களே, அந்தக் கைக்கு! அவரைத் தொடர்ந்து இன்னும் பல பேர். லாரி மறுபடியும் ஓடுகிறது, கண்ணு.

தனலெட்சுமி போன வாரம் ஒரு மத்தியானம் தனியாக வந்தார். பழத்தட்டு கொண்டுவந்திருந்தார். உள்ளே வராமல் மணவறையை வாசலிலிருந்தே பார்த்தார். "உங்க மககிட்ட நான் நேர்ல பேசணும். கேக்க வேண்டியத நேர்லதான் கேக்கணும்" என்றார். விலாசம் கேட்டார். கொடுக்கவுமில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அது உன் இஷ்டம். மன்னித்தாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி, நான் உன் பக்கம்தான். திரும்பிப் போகும்போது அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்காரப் பார்த்தார், கால் வலித்திருக்கும். அப்பா வேகமாக வந்து வேறு நாற்காலி எடுத்துப் போட்டார். "அது எங்க வீட்டு ஆள் ஒருத்தருதுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. இத்தனை நாளாக அவர் கண்டவனையெல்லாம் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கூட்டி வருகிறாரே, அதெல்லாம் யாரைக் கூப்பிடுவது என்று. கடலுக்கு அந்தப்பக்கம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நீதானே.

லிம் அங்கிள் பக்கத்துக் கடையையும் வாங்கிவிட்டார். சுவரை உடைத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு மணவறையை நகர்த்த வேண்டும், அப்பா தொட விடுவதில்லை. "அவ வந்து ஒருதரம் உட்கார்ந்து எழுந்திரிக்கட்டும், அப்புறம் எங்க வேணும்னாலும் நகத்துங்க" என்கிறார். கான்ட்ராக்டர் வந்து வந்து பார்த்துவிட்டு மச்சான் ஒன்றைக் குடித்துவிட்டுப் போகிறார். மாப்பிள்ளையோடு வா, தனியாக வா, கிழிந்த ஜீன்ஸோடு வா, எங்களுக்கு ஒன்றுதான். சரத்தை அவிழ்த்து உன்னை உட்கார வைக்க வேண்டும். அன்றைக்குச் சதாசிவம் வாசிப்பதைச் செனாய் விமான நிலையம்வரை கேட்கும்படி செய்கிறேன்.

முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க நினைத்தேன். ஆஸ்திரேலியா கஸ்டம்ஸ் பிடுங்கிக்கொள்ளும் என்றாள் பிரேமலா. அதனால் வெறும் கடிதம்தான். நீ எங்கே இருந்தாலும் நீண்ட ஆயுளோடு, தலை நிமிர்ந்து, சிரித்த முகமாக இரு, என் தங்கமே.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா
யோகேஸ்வரி

பி.கு.: கவரை ஒட்டும் முன் அப்பாவிடம் நீட்டி, நீங்களும் ஏதாவது எழுதுங்கள் என்றேன். எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

போதும்மா கோவம். பந்தி ஆறுது. வா.